உள்ளங்காலில் விளக்கெண்ணெய்

பூனைக்கு வேர்க்குமா, வேர்க்காதா? அந்த மே மாதக் கடைசியில் எனக்கு இதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. மழைக்கு முந்தைய பத்துப் பதினைந்து நாட்களைத் தாராவியில் கழித்தவர்களுக்குத் தெரியும். வெயில்கூடப் பரவாயில்லை, புழுக்கம்தான் ஆளைக் கொல்லும். கீழே என் கணவரின் தோல்பைப் பட்டறை, மேலே தகரக் கூரைக்கு அடியில் எங்கள் ஒற்றை அறை. நாங்கள் இருவரும் தொப்பலாக நனைந்து திரிய, எங்கள் சாம்பல் நிறப் பூனை மட்டும் ஒரு சொட்டு ஈரமில்லாமல் உட்கார்ந்திருந்தது. அது எப்படி என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்காது. அப்படி ஒரு புத்தி எனக்கு.

அதன் பின்னாலேயே அலைந்தேன். காலையில் அது மோரியில், பாத்திரம் கழுவுகிற மூலையின் ஈரக் கல்மேல் படுக்கும். பதினோரு மணிக்குத் தண்ணீர் டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒட்டிக்கொள்ளும். மத்தியானம் மாடிப்படியில் மூன்றாவது படி. ஏன் மூன்றாவது, நாலாவதுக்கு என்ன குறை? அது எழுந்து போனதும் நானே அங்கே உட்கார்ந்து பார்த்தேன். சந்தில் வரும் கொஞ்சநஞ்சக் காற்று வாசல் வழியாக நுழைந்து அந்தப் படியில்தான் வந்து படுகிறது. கல்யாணமான நாளிலிருந்து அதில் ஏறி இறங்குகிற எனக்குத் தெரியாத சங்கதி. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ஒருநாள் அது நடந்து போன இடத்தில், காய்ந்த கடப்பாக் கல்லின் மேல், சின்னச் சின்ன ஈரத் தடங்கள் தெரிந்தன. பக்கத்தில் தண்ணீர் எதுவும் சிந்தியிருக்கவில்லை. பூனையைப் பிடித்துக் காலைத் தூக்கித் தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுவென்று இருந்தது. படியில் நின்றே கத்தினேன்.

"ஏங்க, பூனைக்கு உள்ளங்கால்லதான் வேர்க்கு!"

"நாட்டுக்கு ரொம்ப முக்கியம்," என்றார் அவர், கத்தரியைக் கீழே வைக்காமலே. "அந்த மூதேவிய தோல்கிட்ட விடாத, போதும்."

பூனை வந்து இரண்டு வருஷமாகியும் அவர் அதற்கு வைத்திருந்த பெயர் அதுதான்.

நாலாம் நாள் பூனை மீனைத் தொடவில்லை. வயிறு தண்ணீராகப் போயிற்று. மத்தியானம் படியேறக்கூட முடியாமல் டிரம்முக்கு அருகில் நீட்டி நிமிர்ந்து கிடந்தது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளியபடியே நின்றது. பாலை மோந்து பார்த்தேன், மீன்காரியிடம் சண்டைக்குப் போனேன், எலி மருந்து வைத்தார்களா என்று பக்கத்து வீடுகளில் விசாரித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. எல்லாவற்றையும் குடைந்து பார்க்கிற நான் இதில் முழித்துக்கொண்டு நின்றேன். பூனை செத்துவிடும் என்று பயந்தேன்.

காய்கறிக் கூடையில் ஈரத்துணி விரித்து அதைப் படுக்க வைத்து, செம்பூரில் இருக்கும் மிருக டாக்டரிடம் போக ஆட்டோ பிடித்தேன். என் கணவரும் பட்டறையின் ஷட்டரை இழுத்துவிட்டு வந்து ஏறிக்கொண்டார். எனக்கு ஆச்சரியம். வழியெல்லாம் கூடையை அவரே பிடித்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் ஒரு மராட்டிக்காரப் பெண். வயிற்றை அழுத்தினார், ஈறைப் பார்த்தார், பிறகு பூனையின் பாதத்தைத் தடவி விரலை மோந்து பார்த்தார். என்ன எண்ணெய் தேய்த்தீர்கள் என்று இந்தியில் கேட்டார். சத்தியமாக ஒன்றும் தேய்க்கவில்லை என்றேன்.

"மேனே லகாயா," என்றார் என் கணவர், ஃபேனைப் பார்த்தபடி. நான்தான் தேய்த்தேன் என்று.

மூன்று நாளாக, காலையில் நான் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போகிற நேரத்தில், பூனையின் நாலு உள்ளங்காலிலும் விளக்கெண்ணெய் தேய்த்திருக்கிறார். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் உடம்புச் சூடு தணிய உள்ளங்காலிலும் தொப்புளிலும் அதைத்தான் வைப்போம். காலில்தான் வேர்க்கிறது என்று நான் கண்டுபிடித்துச் சொன்னதிலிருந்து, சூடும் அங்கேதான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார். தொப்புளையும் தேடினாராம், ரோமத்துக்குள் கிடைக்கவில்லையாம். இதையெல்லாம் தன் பம்பாய் இந்தியில் ஒன்றுவிடாமல் சொன்னார்.

டாக்டர் சிரிக்கவில்லை. பூனையின் உடம்பில் எதைத் தடவினாலும் அது நக்கி வயிற்றுக்குள் அனுப்பிவிடும் என்றார். விளக்கெண்ணெய் தன் வேலையைக் காட்டிவிட்டது; இந்தப் புழுக்கத்தில் உடம்புத் தண்ணீர் வற்றிப் போயிருக்கிறது. காலைச் சுத்தமாகக் கழுவித் துடைத்து, தோலுக்கடியில் ஊசி வழியாக சலைன் ஏற்றினார். ஐஸ் வைக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும், தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள் என்றார். ஏழு மணிக்குள் மூத்திரம் போனால் பயமில்லை, போகாவிட்டால் உடனே தூக்கி வாருங்கள், சிறுநீரகம் தாங்காது.

திரும்பும்போது ஆட்டோவிலேயே ஆரம்பித்தேன். "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கப்படாதா?"

"கேட்டா சிரிப்பே."

"நான் வேர்வைன்னுல்லா சொன்னேன், சூடுன்னா சொன்னேன்?"

"ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன்." அதைக் கேட்டதும் எனக்கு அந்த எண்ணெயில் பாதி என் கையால் ஊற்றியது போலத்தான் இருந்தது.

மேலே சூடு என்பதால் பட்டறைத் தரையிலேயே அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து பூனையை மடியில் வைத்துக்கொண்டார். நான் கேட்டும் தரவில்லை. ஸ்பூனின் நுனியால் அதன் வாயோரத்தில் தண்ணீர் விட்டார். நான் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே காதுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நாலு மணி, ஐந்து மணி. அடியில் விரித்த துணி காய்ந்தே இருந்தது. ஆறும் ஆயிற்று. பூனை கண்ணைத் திறக்கவில்லை, அவரும் காலை மாற்றி உட்காரவில்லை. நான் கடிகாரத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

"ஏட்டி," என்று மெதுவாகக் கூப்பிட்டார்.

"என்ன?"

"மோளுது."

அவர் இடுப்பில் கட்டியிருந்த நீலக் கட்டம் போட்ட சாரத்தில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. பழந்துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"தொடாத. நல்லா முடிக்கட்டும்."

தொடையில் வழிந்து தரையில் சொட்டுகிறவரை அசையாமல் இருந்தார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன்.