ஏரிமேல் சிவப்பு வட்டம்

1. மொரிதா சான் என் ஓவியத்தில் சிவப்புக் குறிகள் போட்டுத் திருப்பி அனுப்பினார்.
2. குறிகளின்படி திருத்திக் கொடுத்தேன்.
3. அவர் பார்த்தார், தலையசைத்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.
4. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சிவகாசியிலிருந்து ஒரகடத்துக்கு வந்து, ஜப்பானியத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனை லைனில் நிற்கிறேன். பயிற்சிப் பிரிவுக்குப் படம் வரைய ஓர் ஆள் தேவைப்பட்டது. டேப்லெட்டில் நான் வரைவதை அறிந்த அதன் ஜப்பானியத் தலைவர் மொரிதா சான் ('சான்' என்றால் நம் 'சார்' மாதிரி), மாதிரிக்கு ஒன்று கேட்டார். பிடித்துவிட்டால் லைனைவிட்டு வரைபலகைக்குப் போய்விடலாம். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்களை வரைந்தேன். பழைய ஜப்பானிய அச்சுப்படங்களில் இருப்பதுபோல ஏரியை வெறுமையாக விட்டேன். முகங்களில் மட்டும் ஐரோப்பிய எண்ணெய் ஓவியத்தின் அழுத்தமான ஒளியும் நிழலும். திரும்பி வந்தபோது ஏரியைச் சுற்றி வட்டம், முகங்களின்மேல் டிக்.

கீறல் விழுந்த பாகத்தைச் சிவப்பு மார்க்கரால் வட்டமிடுவதுதான் லைனில் என் வேலை. போதாததற்கு, அப்பா ஊரில் காலண்டர் அச்சகத்தில் இருக்கிறார். "மூலைய வெறுசா விட்டா, அச்சு விழலன்னு பார்ட்டி திருப்பி அனுப்பிருவான்ல" என்பார். எங்கள் காலண்டர் சாமிகளுக்குப் பின்னால் மலை, அருவி, மயில், தாமரை எல்லாம் இருக்கும், காற்றுக்குத்தான் இடமிருக்காது. ஆகவே ஏரியில் மேகம், பறவை, படகு என்று நிரப்பினேன். முகங்களைத் தொடவில்லை.

கேன்டீனில், என்னோடு லைனில் நிற்கும் மண்ணூர் தேவியக்கா ஒரு தாளோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். மொரிதா சான் திருத்திய பாதுகாப்புத் தேர்வுத்தாள்.

"இன்னா சிவகாசி, துன்னாம குந்திகினு கீற? இத்தப் பாரு. ஒம்போது முட்ட, ஒரே ஒரு டிக்கு. கீழ பாஸுன்னு போட்டுக்கீது. என்ன வெச்சி காமெடி பண்றாரா?"

டிக் விழுந்த கேள்வியைப் பார்த்தேன். தீப்பிடித்தால் முதலில் என்ன செய்வீர்கள்? அக்கா எழுதியிருந்த பதில்: வீட்டுக்குப் போவேன்.

"யக்கா, இதுவா சரி?"

"பின்ன? அங்கியே நின்னு வேவ சொல்றியா?"

மற்ற ஒன்பது பதில்களும் சரியானவை. அக்கா முட்டை என்றது அந்த வட்டங்களைத்தான்; என் ஏரியைச் சுற்றி விழுந்ததும் அதே வட்டம். அவர் நாட்டில் வட்டம்தான் சரி. டிக் என்றால் தப்பு.

நேராக அவர் அறைக்குப் போனேன். வட்டத்தைத் தப்பு என்று எடுத்துக்கொண்டதை இருவருக்கும் அரைகுறையான ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். "எனக்குப் பிடித்த இடத்தை நீங்கள் மூடிவிட்டீர்கள். என் கருத்து வேண்டாம் என்று நினைத்தேன்" என்றார். கோபமில்லாமல் சொன்னதுதான் பயமாக இருந்தது. பிறகு, "இன்னொரு முறை" என்றார்.

ஏரியை மறுபடி காலியாக்கினேன். அப்பாவுக்குக் காட்டினால் அச்சு விட்டுப்போச்சு என்பார். முகங்களில்தான் கை நின்றது. நிழல் அதிகம் என்பதே மொரிதா சான் அங்கே போட்ட டிக்கின் பொருள். நிழலை எடுத்தால் அவர்கள் எங்கள் வெயிலில் நிற்கும் பெண்களாகத் தெரியவில்லை. கடைசியில் ஒரு கன்னத்தை மெல்லிய கோட்டோடு விட்டேன். மறு கன்னத்தில் நிழலை அப்படியே வைத்துக்கொண்டேன்.

படத்தை அனுப்பிவிட்டேன். பதில் வரவில்லை. நாளை காலை ஷிஃப்டுக்கு லைன் பட்டியலில்தான் இன்னும் என் பெயர் இருக்கிறது.