கடைசி இரண்டடி

கனடாவின் வடகோடியில் உள்ள டாசன் ஊருக்குத் தங்கம் தோண்ட வந்து தோற்றவர்கள் ஆளுக்கொரு தொழிலில் போய் ஒதுங்கினார்கள். சிலர் கடை வைத்தார்கள். ஒருவர் பாதிரியாராகவே ஆகிவிட்டார். ஹால்வர் விறகுவெட்டியானார்.

உண்மையில் அவர் முதலிலிருந்தே விறகுவெட்டிதான். அங்கே மண் கோடையிலும் உறைந்து கிடக்கும். குழிக்குள் ஓர் அடுக்கு விறகை எரித்தால் ஓரடி இளகும். அதை அள்ளிவிட்டு மறுபடி எரிக்க வேண்டும். அப்படிப் பதினெட்டடி இறங்குவதற்குள், அவர் குழி இருந்த முயல் ஓடைக் கரையில் மரமே இல்லாமல் போனது. தங்கம் கிடைக்கவில்லை, கோடரி நன்றாகப் பழகிவிட்டது.

பக்கத்துக் குழிக்காரன் இருபதாவது அடியில் பாறையைத் தொட்டான். தங்கம் படிவது பாறைமேல்தான். ஆக, ஹால்வருக்கு மிச்சம் இரண்டடி. இருபத்திரண்டு வருஷமாக அதே இரண்டடி.

ஒவ்வொரு குளிர்காலமும் இரண்டு அடுக்கு விறகைத் தனியே எடுத்து வைப்பார். ஒவ்வொரு குளிர்காலமும் சலவைக்கடை டெல்ஃபின் வந்து கேட்பாள். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிடுவார்.

இந்த வருஷமும் வந்தாள், விறகு வேண்டாம் என்று சொல்ல.

"வேற ஆள்கிட்ட வாங்கிட்டேன். நீ குழிக்குக் கிளம்புய்யா."

"பாதை எப்படி இருக்கோ."

"நேத்துதான் தபால் வண்டி போச்சு. நல்லா இறுகிக் கிடக்காம்."

"குதிரைக்கு வயசாயிடுச்சும்மா."

"அது உன்னைவிடத் தெம்பாத்தான் இருக்கு. இந்த வருஷமும் போகலேன்னா என்னைச் சாக்கு சொல்லாத, அவ்வளவுதான்."

வேறு வழியில்லாமல் போனார். ஓர் அடுக்கைக் குழிக்குள் இறக்கி எரித்தார். மறுநாள் ஓரடி மண்ணை அள்ளினார். பத்தொன்பது. பிறகு விளிம்பில் உட்கார்ந்து, மிச்சமிருந்த ஓரடியைப் பார்த்தபடி புகைக்குழாயைப் பற்றவைத்தார்.

அந்த ஓரடிக்குள் அவர் இத்தனை வருஷமாக மனசாலேயே என்னென்னவோ போட்டு வைத்திருந்தார். நார்வேயில் ஒரு மீன்பிடிப் படகு. ஊர் திரும்பும் நாளில் போட்டுக்கொள்ள ஒரு கறுப்புக் கோட்டு. அம்மாவின் சால்வைக்கு ஒரு வெள்ளிக் கொக்கி. அம்மா போய்ப் பதினோரு வருஷமாகிறது; கொக்கி மட்டும் இன்னும் உள்ளேயே இருந்தது. பாறை வெறுமையாக இருந்துவிட்டால் அதுவும் போய்விடும். தங்கமே கிடைத்தாலும் அம்மா வரப்போவதில்லை. குட்டையான பகல் தீரும்வரை அங்கேயே இருந்தார்.

சலவைக்கடை வாசலில் வண்டி நின்றதும் டெல்ஃபின் ஈரக்கையோடு வெளியே வந்தாள்.

"என்னய்யா ஆச்சு?"

"ஓரடி இறங்கினேன். விறகு தீர்ந்துடுச்சு."

வண்டியில் தார்ப்பாய்க்குக் கீழே ஓர் அடுக்கு விறகு முழுசாக இருந்தது. டெல்ஃபின் அதைப் பார்த்தாள். கரி படிந்த அவர் புருவத்தைப் பார்த்தாள்.

"சரி, கொல்லைப்பக்கம் இறக்கிடு. அந்த ஆள் தந்ததெல்லாம் பச்சை மரம், புகையிலயே சாகிறேன்."

ஹால்வர் இறக்கத் தொடங்கினார்.

"அடுத்த வருஷம் கேட்டா தரமாட்டேன், சொல்லிட்டேன்," என்றார். "இன்னும் ஓரடிதான் பாக்கி."