சாமியம்மாள் கடைக்கு விழுந்த சிவப்புக் குறி

இன்றைக்கு மந்தாரக்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எனக்கே திசை தெரிவதில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த ரோட்டில் ரெண்டு லாரி எதிரெதிரே வந்தால் ஒன்று மண்ணில் இறங்கித்தான் ஒதுங்கவேண்டும். அந்தப் புழுதியில் என் டீக்கடை, பக்கத்தில் சாமியம்மாளின் கூழ்க்கடை. போன காலம் போனதுதான், ஆனாலும் நினைத்தால் மனசு ஏங்குகிறது.

சாமியம்மாளின் ஊர் இப்போது நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இருக்கிறது. சுரங்கத்துக்கு ஊரை எடுக்கும்போது, இடிக்கப்போகிற வீட்டுச் சுவரில் சிவப்புக் குறி போட்டார்களாம். குறி விழுந்த மறுநாளே கூரையைப் பிரித்தவர்களுக்கு மரமும் மூங்கிலும் முழுசாக மிஞ்சினவாம். அவளும் அவள் புருசன் பாவாடையும் அந்த மூங்கிலைச் சுமந்து வந்துதான் ரோட்டோரத்தில் கடை போட்டார்கள். பாவாடைக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. அவளுக்குக் கேழ்வரகுக் கூழும், மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்கிற வேர்க்கடலையில் அரைத்த துவையலும்.

ஷிப்டு விட்டு வருகிறவர்கள் நேரே அங்கேதான் வருவார்கள். திருநெல்வேலிப் பக்கத்து மாடசாமி முதல் நாள், “என்னக்கா, இது குடிக்கவா, சுவத்துல பூசவா?” என்றான்.

“வாய மூடிகினு குடிடா” என்றாள் அவள். அப்புறம் அந்தக் கூழ் இல்லாமல் அவனுக்குப் பொழுது விடியாது. கூழ் அவளிடம், டீ என்னிடம், பெஞ்சு ரெண்டு பேருக்கும் பொது. அந்தப் பெஞ்சுக்காக நாங்கள் போடாத சண்டையா!

ஒருநாள் சண்முகசுந்தரம் என்கிற இன்ஜினியர் டேப்பும் ஆட்களுமாக வந்தார். ரோட்டை அகலமாக்கி, கடைவீதியைத் திருத்தி, புதுசாக ரெண்டு வரிசைக் கடை கட்டப்போவதாகப் பேச்சு. அவருடைய ஆள் சாமியம்மாளின் வாசல் கம்பத்தில் சிவப்பு மை பூசிவிட்டு நகர்ந்தான். என் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் நான் வடக்குத்துக்குப் பால் வாங்கப் போய்விட்டுத் திரும்பினால், பக்கத்துக் கடையைக் காணோம்! கம்பம் நட்ட குழிகள் மட்டும் கிடக்கின்றன. கடையைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வடலூரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாளாம். எனக்கு வந்ததே கோபம்! யாரையாவது ஒரு வார்த்தை கேட்டால் வாயில் இருக்கிற முத்து உதிர்ந்துவிடுமா?

ரோட்டின் அந்தக் கோடியில் அளந்துகொண்டிருந்த இன்ஜினியரிடம் ஓடினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். “ஐயோ, சிவப்பு போட்ட கடைதான் ரோட்டோரத்திலேயே இருக்கப்போவுது. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வேணும்னுதான் போட்டோம். நாளைக்குப் பெரிய அதிகாரி வர்றார். கடை நடக்கலேன்னா இடம் வேற ஆளுக்குப் போயிடும்.”

“அப்ப என் கடை?”

“பின்வரிசை.”

என் வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றோடுதான் வடலூர் பஸ் ஏறினேன்.

நான் சொன்னதைக் கேட்டுச் சாமியம்மாள் சிரித்தாள். “என்ன ஏமாத்தாத தம்பி. குறி போட்டா கெளம்பிடணும். மறுபடி நட்டு மறுபடி புடுங்க என் ஒடம்புல தெம்பு இல்ல.”

“யக்கா, சத்தியமா சொல்றேன். இன்ஜினியரே சொன்னாரு.”

“ஊர எடுத்த அன்னிக்கும் பெரியவங்கதான் வந்து சொன்னாங்க” என்று அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். எக்கேடோ கெட்டுப்போ என்று திட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை அதிகாரி வந்தார். ஷிப்டு முடித்து வந்த மாடசாமியும் இன்னும் பத்துப் பேரும், நான் விஷயத்தைச் சொன்னதும், கையில் டம்ளரோடு அந்த வெற்று மண்ணில் வரிசையாக நின்றார்கள்.

“இங்கே கடை எங்கேய்யா?” என்றார் அதிகாரி.

“நாங்க நிக்கோம்லா, இதான் கடை சார்” என்றான் மாடசாமி.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் இல்லை என்று தலையை ஆட்டினார். “ஆள் நின்னா கடை ஆயிடுமா? கடைக்காரர் வேணுமே.”

அவர் ஜீப்பில் ஏறப்போகிற நேரம் பார்த்து வடலூர் பஸ் வந்து நின்றது. தலையில் கூழ்ப்பானையோடு சாமியம்மாள் இறங்கினாள். பின்னால் துவையல் சட்டியும் அகப்பையுமாகப் பாவாடை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப்போய்ப் பானைக்குக் கை கொடுத்தேன்.

“உன்ன நம்பி வரல. இந்தப் பயலுங்க வயித்துக்கு இல்லாம நிப்பானுங்களேன்னு வந்தேன்” என்றாள்.

பானையை இறக்கியதுதான் தாமதம், டம்ளர்கள் நீண்டன. நாலு பேருக்கு ஊற்றியிருப்பாள். இன்ஜினியர் கிட்டே வந்து அவளிடம் நேராகவே சொன்னார்: “அம்மா, அந்தக் குறி உங்களை எழுப்பறதுக்கு இல்ல. நீங்க இங்கேயே இருக்கறதுக்குப் போட்டது.”

அகப்பை அவள் கையில் அப்படியே நின்றது. அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இருக்கறதுக்கும் குறி போடுவாங்களாய்யா?”

“ஆமாம்மா” என்று இன்ஜினியர் நோட்டை எடுத்து அந்த இடத்துக்கு நேரே அவள் பேரை எழுதினார். அவள் மண்ணில் உட்கார்ந்து, முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மிச்சக் கூழை நான்தான் எல்லாருக்கும் ஊற்றினேன்.