கண்டக்டர் கேட்ட ஊர்

பக்கவாதம் வந்த பிறகு கை கால் தேறிவிட்டது. ஆனால் வேண்டிய நேரத்தில் எனக்குச் சொல் வருவதில்லை. மனைவி இல்லை, மகன் துபாயில். பேச்சுப் பயிற்சிக்கு அரியலூருக்குத் தனியாகவே போய்வருவேன்.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டர், "எங்க போகணும்?" என்றார். என் ஊர்ப் பெயரே வரவில்லை.

"பொன்பரப்பியா? ஜெயங்கொண்டமா?" அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நெஞ்சிலிருந்த பெயர் இன்னும் தள்ளிப் போனது.

"குடிச்சிருக்கியா?" என்றார். பின்சீட்டில் சிரித்தார்கள்.

முன்சீட்டிலிருந்த ஒரு பெண் திரும்பினாள். "எங்க அண்ணனுக்கும் இப்படித்தாங்க. செத்த பொறுங்க, அவரே சொல்லிடுவாரு."

பிறகு என்னைப் பார்த்தபடி பேசாமல் காத்திருந்தாள். எனக்காக அப்படி யாரும் காத்திருந்ததில்லை; நான் தடுமாறினால் மற்றவர்களே பேசி முடித்துவிடுவார்கள்.

பெயர் வராவிட்டால் அதைப் பற்றி எதையாவது சொல்லுங்கள் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள்.

"முந்திரி... முந்திரிக்காடு..." என்று இழுத்தேன். பின்னாலேயே பெயரும் வந்தது. "செந்துறை!"

இறங்கும்போது அவளிடம் ஒரு சொல் சொல்ல நினைத்தேன். அது வாயில் வரவில்லை. கும்பிட்டேன். பஸ் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கும்போதுதான் அது வந்தது. கேட்க யாருமில்லை என்று தெரிந்தும் சத்தமாகவே சொன்னேன்.

"நன்றிம்மா."