முரசுமோட்டையில் வெட்டப்பட்ட வீதி

காலை ஆறே காலுக்கு வவுனியாவில் யாழ்ப்பாண பஸ் ஏறினேன். பரந்தன் வரை முந்நூற்று நாற்பது ரூபா. மடியில் பத்துக் கிலோ அரிசி, காலடியில் மாவும் துவாய்களும் கட்டிய பை. முரசுமோட்டையில் இருக்கும் என் தங்கை வசந்தியின் தொலைபேசி நான்கு நாள் செத்துக் கிடந்தது. பிறகு கிடைத்தபோது, "உயிரோட இருக்கிறம் அக்கா. வயல் அழிஞ்சு போட்டுது" என்று மட்டும் சொன்னாள். அவளைப் பார்க்க அவசரப்பட்டாலும் பாதை திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நான் புறப்பட்டது வெள்ளம் வந்து பன்னிரண்டாம் நாள்.

கனகராயன்குளம் தாண்டியதும் தார் வீதியின் ஓரங்கள் பாண் துண்டைக் கடித்து வைத்ததுபோல் தெரிந்தன. மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் இரண்டு இடத்தில் பஸ் ஊர்ந்துதான் போனது. ஜன்னலோரம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

எட்டே முக்காலுக்குப் பரந்தன் சந்தி. அங்கிருந்து முல்லைத்தீவு வீதியில் ஐந்து கிலோமீற்றர்; ஓட்டோவுக்கு அறுநூறு ரூபா. வசந்தியின் வீட்டுக்குத் திரும்பும் உள்வீதியின் முகப்பிலேயே சாரதி நிறுத்திவிட்டார்.

"உள்ளுக்குப் போகேலாது அம்மா. வீதியை வெட்டிப்போட்டாங்கள்."

"வெள்ளம் உடைச்சதெண்டு நினைச்சன்."

"வெள்ளமில்லை. பெக்கோவால வெட்டினது."

அரைக் கிலோமீற்றர் நடந்தபின் வீதி இல்லை. ஒரு பஸ்ஸை இறக்கி நிறுத்தலாம் போன்ற பள்ளம். மேலே தார், கீழே சல்லிக்கல், அதற்கும் கீழே சிவந்த கிறவல் மண், பிறகு வெறும் மண் என்று வீதியின் உள்வயிறு தெரிந்தது. இடப்பக்கம் வீடுகள். வலப்பக்கம் வசந்தியின் இரண்டு ஏக்கர் வயல். விதைப்புக்கு வந்து இதே வரம்பில் நின்று சோறு சாப்பிட்டவள் நான். இப்போது அங்கே வரம்பே இல்லை. வீதியின் கிறவலும் மணலும் வயலெங்கும் பரவிக் கிடந்தன. மூலையில் மட்டும் ஒரு கை அகலத்துக்குப் பச்சை. வீதிக்குக் கீழே மதகுக்குள் தண்ணீர் போக இருந்த கொங்கிறீற் குழாய் நடுவயலில் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

அக்கரையில் மண் அள்ளும் மஞ்சள் நிற பெக்கோ இயந்திரம் நின்றது. அதை ஓட்டுபவர் இறங்கி, குறுக்கே போட்டிருந்த பனங்குற்றிகளின் மேல் நடந்துவந்து என் அரிசிப் பையை வாங்கக் கை நீட்டினார். ஐம்பது வயதிருக்கும்.

"இதை வெட்டினது ஆர்?"

"நான்தாம்மா."

"பயிர் நிக்கிற வயலெண்டு தெரியேல்லையோ? எப்பிடி உங்களுக்குக் கை வந்தது? அது என்ர தங்கச்சியின்ர வயல். அந்தக் குடும்பம் இனி என்னத்தைத் தின்னும்?"

இன்னும் பலதும் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பையைத் தோளில் வைத்தார். "பாத்து காலை வைங்கம்மா. பனங்குத்தி வழுக்கும்" என்றார். அக்கரையில் பையை இறக்கிவிட்டுத் தன் இயந்திரத்துக்குப் போய்விட்டார்.

வசந்தியின் வேலியில் மெத்தை, சீருடை, பிள்ளைகளின் கொப்பிகள் எல்லாம் காய்ந்தன. குசினியில் அடுப்புக்குக் கீழே கல் அடுக்கி உயர்த்தியிருந்தாள். அவள் தேத்தண்ணியை என் கையில் தரும்போது, பெக்கோக்காரரை ஏசிவிட்டு வந்ததைச் சொன்னேன்.

"ஐயோ அக்கா, அந்த மனிசனையே ஏசினனீங்கள்? வெட்டச் சொன்னது நானல்லோ."

என்ன நடந்ததென்று கேட்டேன்.

இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்த மறுநாள் காலை, தண்ணீர் வீதியில் முட்டி வீடுகளுக்குள் ஏறியிருக்கிறது. மதகின் அந்த ஒற்றைக் குழாயால் அவ்வளவு தண்ணீரையும் இழுக்க முடியவில்லை. வயதானவர்களை மேசைக்கு மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். மண்மூட்டை அடுக்க வந்த பெக்கோ வீதியில் நின்றது. வெட்டச் சொல்லி எல்லோரும் கத்தினார்கள். ஓட்டுபவர் மறுத்துவிட்டார்.

"வயல்காரர் சொல்லாமல் கை வைக்க மாட்டன் எண்டு நிண்டார்" என்றாள் வசந்தி. "நான் நெஞ்சளவு தண்ணிக்குள்ளால போய், நான்தான் வயல்காரி, வெட்டுங்கோ எண்டனான். திருப்பித் திருப்பிக் கேட்டார். மூண்டு தரமும் அதைத்தான் சொன்னனான். பிறகு பார்த்துக்கொண்டு நிண்டனான், அக்கா. ஒரு சத்தத்தோட எல்லாம் போட்டுது."

அவள் கணவன் ரவி அப்போது மாடுகளை மேட்டுநிலத்துக்குச் சாய்த்துக்கொண்டு போயிருந்தாராம். திரும்பி வந்தபோது வயல் இல்லை.

"அண்டையிலயிருந்து இவர் என்னோட கதைக்கிறேல்லை. சோத்தைப் போட்டால் சாப்பிடுறார். அவ்வளவுதான்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு, மன்னிப்புக் கேட்கவென்று வசந்தியையும் கூட்டிக்கொண்டு பள்ளத்தடிக்குப் போனேன். ரவி ஏற்கெனவே வயலுக்குள் நின்று கிறவலை மண்வெட்டியால் வழித்துக் குவித்துக்கொண்டிருந்தார். பெக்கோ அதை அள்ளிப் பள்ளத்தின் ஓரத்தில் கொட்டியது. ஓட்டுபவர் பெயர் சிவலிங்கம் என்றும், மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து ஜெயபுரத்தில் குடியேறியவர்களின் மகன் என்றும் வசந்தி சொன்னாள்.

அந்த நேரம் வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பின்னால் உழவு இயந்திரத்தில் ஒரு கொங்கிறீற் குழாய் வந்தது. பழைய அளவு. ஒன்றே ஒன்று.

இவ்வளவும் நடந்த பிறகும் அதே குழாயா?

"சேர், ஒண்ணு பத்தாதே" என்றார் சிவலிங்கம்.

"மதிப்பீட்டில ஒண்டுதான் இருக்கு. மூடுங்கோ."

சிவலிங்கம் எஞ்சினை நிறுத்தினார். ரவி வயலிலிருந்து ஏறி வந்தார். முழங்கால்வரை சேறு.

"சேர், ரெண்டாவது குழாயையும் போடுங்கோ. இல்லாட்டி அடுத்த மாரிக்கும் என்ர மனிசி வந்து வெட்டச் சொல்லுவா. நானும் பக்கத்தில நிண்டு சொல்லுவன்."

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வசந்தி சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். உத்தியோகத்தர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளிப் போனார்.

நான் சிவலிங்கத்திடம் போய் நின்றேன். நேற்று ஏசியதற்கு மன்னிக்கச் சொன்னேன்.

"உங்க கோவத்துல பிழை இல்லம்மா" என்றார் அவர். "அந்தம்மா வெட்டுங்கன்னு மூணு தரமும் தயங்காம சொன்னாங்க. எனக்குத்தான் கை வரல."

பத்தரை மணிக்கு உத்தியோகத்தர் திரும்பி வந்து, இன்னொரு குழாய் கேட்டிருப்பதாகவும் நாளைக்கு வரக்கூடும் என்றும் சொன்னார். "வந்து இறங்கினால்தான் நம்பலாம், என்ன?" என்று ரவி வசந்தியிடம் கேட்டார். "ஓம்" என்றாள் அவள். நான் புறப்படும்போதும் இயந்திரம் நிறுத்தியபடியே நின்றது.

பின்னேரம் நான்கரைக்கு, வவுனியாவில் என் வீடிருக்கும் நெளுக்குளத்தில் இறங்கினேன். எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை போன வருடம்தான் கிறவல் போட்டு உயர்த்தப்பட்டது. அதற்கான மனுவில் என் கையெழுத்தும் உண்டு. இந்த மழைக்கு என் வாசலில் ஒரு சொட்டும் நிற்கவில்லை என்று வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். எங்கள் தண்ணீர் எங்கே போனது என்று நினைத்ததே இல்லை.

எதிர்வீட்டைப் பார்த்தேன். சுவரில் இடுப்பளவு உயரத்துக்குக் கறுத்த கோடு. அந்த வீட்டு அம்மா வாளியால் முற்றத்துச் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தார். வெள்ளம் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் அந்த வழியால்தான் கடைக்குப் போய் வந்தேன்.

"பயணமெல்லாம் எப்பிடிப் பிள்ளை? தங்கச்சி சுகமோ?" என்று அவர் கேட்டார்.

பையை என் கேற்றடியில் வைத்துவிட்டு ஒழுங்கையைக் கடந்தேன். அவரின் முற்றத்துக்குப் போக நான் கீழே இறங்க வேண்டியிருந்தது.