மாடி ஏறாத கவர்

“உனக்கு வேற வேலையே இல்லயாடி? என் மொத கதை எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கினு நீ இன்னா பண்ணப் போற? பரீட்சைல கேக்கப் போறாங்களா?”

இப்படித் திட்டினால் பேத்தி எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் இன்னும் இரண்டு முறுக்கை எடுத்துக்கொண்டு வசதியாக உட்கார்ந்தாள். கதை வந்த சங்கதி மட்டும் என்றால் ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவேன். அதற்குள் நான் செய்த ஒரு திருட்டு வேலையும் இருக்கிறது. அதனால்தான் இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை.

தொண்ணூற்று மூன்றோ நான்கோ இருக்கும். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மாடிப்படிக்குக் கீழே நான் டிபன் கடை வைத்திருந்தேன். காலையில் இட்லி, சாயந்திரம் வடை. மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். நாள் முழுக்கத் தலைக்கு மேலே ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி சத்தம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மழை விடும். அன்றைக்கு மெஷின்களுக்கெல்லாம் உறை போட்டு மூடிவிட்டு மூன்று பேர் உட்கார்ந்து, தாங்கள் எழுதிய கதைகளை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுவார்கள். ஒருவர் இன்ஸ்டிட்யூட் நடத்துகிற மாஸ்டர். தெருவே அவரை சார் என்றுதான் கூப்பிடும். இன்னொருவர் பஸ் கண்டக்டர். மூன்றாவது, பெரியாஸ்பத்திரியில் வேலை பார்த்த நர்ஸ் பெண்.

நான் டீ கொண்டுபோகிறவள். கொடுத்துவிட்டு இறங்க வேண்டியவள்தான். ஆனால் கதை பாதியில் நிற்கும்போது எப்படி இறங்குவது? டம்ளரை வாங்கிக்கொண்டு போகிறேன் என்று சுவரோரம் நின்றுவிடுவேன். ஒருநாள் கண்டக்டர் படித்த கதையில், மாமியார் கொடுமை தாங்காமல் ஒருத்தி விடியற்காலையில் கிணற்றில் குதிக்கப் போனாள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“அவ குதிக்க மாட்டா. மாடு கறக்கிற நேரம் அது. மாடு கத்துச்சுன்னா திரும்பி வந்துடுவா.”

கண்டக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. சார் மட்டும் என் பக்கம் திரும்பினார். பிறகு, “அக்கா, அவ திரும்பி வந்து கறக்கிறத நீங்க எழுதுங்க” என்றார்.

நான் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் ஐந்தாவது வரை படித்தவள். அதிலும் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்குகிற நாட்களில் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். எழுத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், வார்த்தையை மட்டும் நான் கொடுத்தால் போதும் என்றும் சொல்லிவிட்டார். அப்படித்தான் இட்லி சுற்றுகிற பேப்பரின் ஓரத்தில் எழுத ஆரம்பித்தேன். ஒரே ஆட்டுக்கல்லுக்கு அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட இரண்டு ஓரகத்திகள் சண்டை போட்டுக்கொள்கிற கதை. சார் அதைத் தமிழ் மெஷினில் அடித்துக் கொடுத்தார். எழுத்துப் பிழையைத் திருத்தினாரே தவிர ஒரு வார்த்தையை மாற்றவில்லை. கொஞ்சம் அழகாக மாற்றி அடியுங்கள் என்று நானே கேட்டேன். தான் தொட்டால் கெட்டுவிடும் என்றார். பதினோரு வருடமாக எழுதுகிற மனுஷர், இட்லிக்காரியிடம் சொன்ன வார்த்தை அது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவருடைய கதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்தக் கதையை எடுத்தாலும் யாராவது ஒருவன் கடலைப் பார்த்துக்கொண்டே நிற்பான். எங்கள் ஊருக்கும் கடலுக்கும் பஸ்ஸில் போனால் அரை நாள் ஆகும். “சார், இவன் எந்த பஸ்ஸ புடிச்சு அங்க போனான்?” என்று கேட்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும்தான். ஆனால் அடுத்த கதையிலும் கடல் வந்துவிடும்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பத்திரிகைக்குக் கதை அனுப்பும்போது, தபால் தலை ஒட்டி விலாசம் போட்ட காலிக் கவர் ஒன்றையும் உள்ளே வைக்க வேண்டும். கதை வேண்டாம் என்றால் அந்தக் கவரிலேயே திரும்பி வரும். வீட்டு விலாசம் போட்டால் வீட்டில் எல்லோரும் பார்த்துவிடுவார்களே. அதனால் எல்லோருடைய கதைக்கும் இன்ஸ்டிட்யூட் விலாசம்தான். சார் தன் ரப்பர் ஸ்டாம்பைக் காலிக் கவர் மேல் குத்திவிடுவார். பெயர் கிடையாது. வந்த கவரை யாரும் தனியாகப் பிரிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இருக்கும்போதுதான் பிரிக்க வேண்டும். யாருடைய கதை திரும்பி வந்திருக்கிறதோ அவருக்கு அன்றைக்கு என் கடை வடை ஒன்று ஜாஸ்தி. தனியாகப் பிரித்துத் தனியாக அழுவதற்கு, நாலு பேரோடு பிரித்து வடை தின்றால் வலி கம்மி என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

அந்த ரப்பர் ஸ்டாம்பால் அதுவரை ஒரு குழப்பமும் வந்ததில்லை. வந்ததெல்லாம் திரும்பி வந்த கதைகள்தானே. பிரித்துப் பார்த்தால் யாருடையது என்று தெரிந்துவிடும். ஏற்றுக்கொண்டோம் என்று ஒரு கடிதம் வந்தால் என்ன செய்வது என்பதை நாலு பேரில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை எங்களுக்கு.

ஆடி மாதத்தில் சார் கதையும் என் கதையும் ஒரே நாளில் ஒரே வாரப் பத்திரிகைக்குப் போயின. தபாலில் போடும்போது சார் ஒன்று சொன்னார். இதுவும் திரும்பி வந்தால் இதோடு எழுதுவதை நிறுத்திவிடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு வைத்துவிடுவாராம். நர்ஸ் பெண் கவரைத் தடவிக் கொடுத்தாள், காய்ச்சல்காரனைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி.

ஆவணியில் எங்கள் ஸ்டாம்பு குத்திய கவர் ஒன்று திரும்பி வந்தது. தபால்காரருக்கு மூட்டு வலி. மாடி ஏற மாட்டார். மேல்மாடித் தபாலையெல்லாம் என் கடையில்தான் கொடுத்துவிட்டுப் போவார். கவர் மெல்லிசாக இருந்தது. கதை உள்ளே இல்லை என்று கைக்கே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரித்தோம். அச்சடித்த ஒரு சீட்டு. ‘தங்கள் சிறுகதை பிரசுரத்திற்குத் தேர்வாகியுள்ளது.’ கதையின் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.

எந்தக் கதை? எழுதிக் கேட்கலாம் என்றார் கண்டக்டர். கேட்டுக் கோபம் வந்து இரண்டுமே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தாள் நர்ஸ் பெண். பிறகு யாரும் கேட்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. பதினோரு வருடம் எழுதியவர் இருக்கும்போது ஆட்டுக்கல்லுக்கா சீட்டு வரும்? “உங்களுதுதான் சார்” என்று முதலில் சொன்னவளே நான்தான். மனசுக்குள் எனக்கு ஆசை இல்லையா என்றால், இருந்தது. கடுகளவு. சரி, மிளகளவு.

கண்டக்டர் ஓடிப்போய்ப் பூமாலையும் துண்டும் வாங்கி வந்தார். அடுத்த நாள் சாரின் மனைவி முதல்முறையாக அந்த மாடிப்படி ஏறி வந்தார். கையில் ஒரு தூக்கு நிறையக் கேசரி. இறங்கும்போது என் கடைக்கும், எதிரில் சைக்கிள் கடைக்கும், பூக்காரம்மாவுக்கும் கொடுத்துவிட்டு, “அவரு கதை புக்குல வருது” என்று சொல்லிக்கொண்டே போனார். சார் அதற்குப் பிறகு நடந்த நடையே வேறு. வாரா வாரம் பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடைக்குப் போய்ப் புரட்டிப் பார்த்துவிட்டு வருவார்.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, தபால்காரர் இன்னொரு கவரைக் கொடுத்தார். அதே ஸ்டாம்பு. கனமான கவர்.

ஞாயிறு வரை பிரிக்கக் கூடாது என்பது சட்டம். எனக்கும் தெரியும். ஆனால் இட்லிப் பானையில் ஆவி வந்துகொண்டிருந்தது. கவரின் வாயைக் கொஞ்ச நேரம் அதன் மேல் காட்டினேன். பசை விட்டுவிட்டது. முதல் பக்கத்தின் முதல் வரியிலேயே ஒருவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்படியென்றால் அச்சில் வரப்போவது என் ஆட்டுக்கல். சந்தோஷம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், தொண்டை வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. தலைக்கு மேலே சார் யாருக்கோ பாடம் சொல்லிக்கொண்டிருந்த குரல் கேட்டது. இந்தக் கவர் மாடி ஏறினால் அந்த மனுஷர் அன்றோடு பேனாவை மூடிவிடுவார். சோற்றுப் பருக்கையை நசுக்கிக் கவரை ஒட்டி ரவை டப்பாவுக்குள் வைத்தேன். அந்த ஞாயிறு தபால் ஏதும் இல்லை என்று சொன்னேன். அடுத்த ஞாயிறும் சொன்னேன். இரண்டு ஞாயிறும் சார் புதிதாக எழுதியதைப் படித்தார். அதில் கடலே இல்லை. ஒரு டைப்ரைட்டிங் மாஸ்டர் இருந்தார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்குப் போனவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தார். கையில் அந்த வாரப் புத்தகம். நான் கரண்டியோடு நின்றேன்.

“அக்கா, அடுப்ப அணச்சிட்டு ஒரு நிமிஷம் மேல வாங்க.”

பின்னாலேயே போனேன். காலை வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். சார் மணியை அடித்து எல்லா மெஷினையும் நிறுத்தினார். கீழே இட்லி விற்கிற அம்மாவின் கதை இந்த வாரம் அச்சில் வந்திருக்கிறது என்று சொன்னார். குரல் கொஞ்சமும் ஆடவில்லை. புத்தகத்தைப் பிரித்துப் பக்கங்களைக் கிழித்து, தமிழ் மெஷின்காரர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்து, இன்றைக்கு இதுதான் பாடம், தப்பில்லாமல் அடிக்க வேண்டும் என்றார். ஆலங்கட்டி மழை ஆரம்பித்தது. என் ஓரகத்திகள் இரண்டு பேரும் ஐந்து மெஷினில் ஒரே நேரத்தில் சண்டை போட்டார்கள். தனக்கு வர வேண்டியது என்று இத்தனை நாள் நினைத்திருந்ததை இன்னொருத்தி தலையில் அப்படி வைத்துவிட்டு, நின்று ரசிக்கவும் ஒரு மனுஷரால் முடியுமா? முடிந்தது. நான் பார்த்தேன்.

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. கீழே போய் டப்பாவிலிருந்து கவரை எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் வாசலிலேயே நின்று வாங்கினார். ஒட்டின இடத்தைப் பார்த்தார்.

“எத்தினி நாளாச்சு அக்கா?”

“ரெண்டு ஞாயித்துக்கெழம சார்.”

கவரின் மேலிருந்த ரவையைத் தட்டிவிட்டார்.

“அப்ப அந்த ரெண்டு ஞாயித்துக்கெழமையும் எனக்கு ஜாஸ்தியா கெடச்சது. மூணு கதை எழுதினேன்.” படியில் உட்கார்ந்தார். “சரி. சொன்ன சொல்லு இருக்கே அக்கா. திரும்பி வந்துடுச்சு.”

“எங்க வந்துச்சு? நாலு பேரு முன்னாடி ஞாயித்துக்கெழம பிரிச்சாத்தான் அது வந்த கவரு. இத ஒரு இட்லிக்காரி திருட்டுத்தனமா ஆவி காட்டிப் பிரிச்சா. இது எப்படி சார் கணக்குல சேரும்? வேணும்னா உங்க ஊட்டம்மாவ கேளுங்க.”

அவர் சிரித்தாரா, வேறு என்ன செய்தார் என்று தெரியவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். ஆனால் மத்தியானம் சாப்பிடப் போனபோது மனைவியிடம் எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டார், ரவை டப்பா உட்பட. ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் பெண்ணும் கண்டக்டரும் என்னைக் கட்டிக்கொண்டும் திட்டிக்கொண்டும் ஒரு வழி பண்ணினார்கள். சட்டத்தை மீறியதற்குத் தண்டனையாக அன்றைக்கு எல்லோருக்கும் வடை. சார் மெஷின் உறையை எடுத்துப் புதுக் கவர் ஒன்றில் தன் பெயரை அடித்தார். அந்த டைப்ரைட்டிங் மாஸ்டர் கதை அதில் போயிற்று. அந்தக் கதையில் வருகிற மனைவி பேசுகிற பேச்சில் இரண்டு இடத்தை அவருடைய மனைவியே திருத்திக் கொடுத்தாராம்.

கதை அச்சில் வந்த அந்த வெள்ளிக்கிழமை சாயந்திரமே பூக்காரம்மாவும் சைக்கிள் கடைக்காரரும் கடைக்கு வந்துவிட்டார்கள். சார் கதை வரப்போகிறது என்று கேசரி தின்றவர்கள். இப்போது புத்தகத்தில் என் பெயர் எப்படி வந்தது, சார் கதை என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். நான் வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னேன்:

“ரெண்டு கதையும் ஒண்ணாத்தான் போச்சு. அக்கா இப்பத்தான் எழுத வந்தவங்க, அவங்களுது மொதல்ல வரட்டும்னு சார் தன்னோடத வாபஸ் வாங்கிக்கினாரு. அவருகிட்ட போயி இதப் பத்தி கேக்காதீங்க. பெருமையா பேசினா அந்த மனுஷனுக்குப் புடிக்காது.”