வெள்ளிக்கிழமை வரை வைத்திருந்த பெயர்

இணைய முகவரி விற்பது, எடுத்துக் காட்ட முடியாத சரக்கை வாசல் வாசலாகச் சுமக்கும் தொழில்; படி ஏறி இறங்கி எதையாவது விற்றவர்களுக்கு இது புரியும். கம்பெனிப் பெயருக்குப் பின்னால் டாட் காம், டாட் நெட் என்று ஒரு வால் வரும். ஒவ்வொரு வாலுக்கும், வருடக் கட்டணம் வாங்கிக்கொண்டு பெயரைப் பதிந்து தரும் ஒரு பதிவகம். அவை உலக அளவில் மோதிக்கொள்ள, ஏஜென்ட்டுகளான நாங்கள் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மோதிக்கொண்டோம். நான் டாட் காம் விற்றேன். கவரைப்பேட்டை செல்வம், புதிதாக எல்லோருக்கும் திறந்துவிட்ட டாட் இன் விற்றான்.

வெறுங்கை

கூச்சத்தால் முதல் நாள் நாற்பத்தொரு கேட்டுகளைத் தாண்டிப் போனேன்; நின்றது ஆறில். ஆறாவது கேட்டின் வாட்ச்மேன் என் பையை வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பேரு தான் போர்டுலயே கீதே சார், நீ இன்னாத்த விக்கிற?"

பத்திரிகை

புதுவாயலில் போல்ட் பட்டறை வைத்திருந்த ராமுலு, என் முதல் பெரிய வாடிக்கையாளர். சொந்த முகவரியிலிருந்து வரும் மெயிலைத்தான் பார்ப்போம் என்று புனே கம்பெனி ஒன்று சொல்லியிருந்தது. அந்த ஆர்டர் வராவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

மகள் பெயரில் ஒரு டாட் காம் கேட்டார். திங்கட்கிழமை பார்த்தேன், காலியாக இருந்தது. உடனே பதியலாம் என்றேன். வெள்ளி காலை பத்து மணிதான் நல்ல நேரம் என்று சொல்லி, முகவரியைப் பெரிய எழுத்தில் போட்டுத் திறப்பு விழாப் பத்திரிகையே அடித்துவிட்டார். நூற்றிருபது பத்திரிகைகளையும் நான்தான் கொடுத்தேன். ஒரே தொழிலில் இருப்பவனை விட்டுவிட்டால் மரியாதை இல்லை என்று செல்வத்துக்கும் ஒன்று வைத்தேன். முகவரியை இரண்டு முறை படித்துப் பார்த்தான்.

"கண்டிப்பா கவனிச்சிக்கிறேண்ணே."

பத்தே கால்

வெள்ளியன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்து, பெயரைத் தட்டினேன். முந்தின நாளே செல்வம் பெயரில் பதிவாகிவிட்டிருந்தது. கேசரித் தட்டோடு எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

செல்வம் டாட் காமைப் பிடித்த அவசரத்தில், தான் விற்கும் டாட் இன்னைப் பிடிக்க மறந்திருந்தான். நான்கு மாதமாக நான் மட்டம் தட்டிய வால் அது. தலை நிமிராமல், அதே பெயர் டாட் இன்னில் கிடைக்கும் என்றேன். ராமுலு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்தரைக்கு ராகுகாலம். எந்த வாலா இருந்தா இன்னா, அதுக்குள்ள போடு நைனா."

பத்து இருபத்தெட்டுக்கு முடிந்தது.

பேரம்

புது முகவரியிலிருந்து மெயில் போன எட்டாம் நாள் புனேவிலிருந்து ஆர்டர் வந்தது. அதற்கடுத்த வாரம் செல்வம் வந்தான். டாட் காமை நல்ல விலைக்குத் தருகிறேன் என்று இழுத்தான். ராமுலு அவனுக்கு டீ வரவழைத்தார். குடித்து முடித்ததும் சொன்னார்.

"அது எம் பொண்ணு பேரு நைனா. வருஷா வருஷம் டப்பு கட்டி பத்ரமா பாத்துக்கோ."

நான் இருந்த நான்கு வருடமும் பதிவகங்கள் ஒன்றையொன்று முந்தின, ஏஜென்ட்டுகள் ஒருவரையொருவர் முந்தினோம், வாடிக்கையாளர்கள் மட்டும் பஞ்சாங்கத்தை முந்தவே இல்லை.